மூன்றாம் ஓலை

விசாகப்பட்டினம்
12-1-1972

மாமு லியோனார்டுக்கு வேலப்பன் எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. அக்டோபரில் துறைமுகத்தில், உன் கிரேனுக்குக் கீழே நின்றுகொண்டு, "எனக்கு நிச்சயமாயிடுச்சி மாமு, ஃப்ளோரான்னு பேரு, தீப்பெட்டிக் கம்பெனில வேல செய்யுது" என்று நீ சொன்னாய். நான் உன் டிபன் பாக்ஸைப் பிடுங்கிக் கடலில் எறிந்தேன். மறுநாளே ரயிலேறி இங்கே வந்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதே. உள்ளே இருந்த இட்லிக்காக மட்டும் வருந்துகிறேன்.

விஷயம் வேறு. இங்கே புதுத் துறைமுகத்துக்காக மண் வாரும் கப்பலில் எனக்கு வேலை. நிரந்தர ஆளாக எடுக்கும் முன் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். என் ரத்தத்தில் மேக வியாதி இருக்கிறது. சிபிலிஸ். எனக்குப் புண் இல்லை, காய்ச்சல் இல்லை, மூன்று வேளையும் மூக்குப் பிடிக்கச் சாப்பிடுகிறேன். ஆனாலும் இருக்கிறது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. மெட்ராஸிலேயே வந்திருக்கலாம் என்கிறார்.

இங்கே ஞானசெல்வி என்று ஒரு நர்ஸம்மா, நாகர்கோவில்காரி. "யார் யார்கூட இருந்தே?" என்று கேட்டாள். வரலட்சுமி என்று சொன்னேன். எங்களுக்குச் சாப்பாடு போடுகிற கடைக்காரி அவள். "அவ்வளவுதானா?" என்று பேனாவைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "ஊர்ல ஒரு ஆளு கீறான்மா. ஆம்பள" என்றேன். திட்டுவாள், போலீஸைக் கூப்பிடுவாள் என்று பார்த்தால், "அவருக்கும் எழுதிப் போடு. கிருமிக்கு ஆணு பெண்ணு தெரியாது, கேட்டியா?" என்றாள்.

நாம் இரண்டு பேரும் எப்பேர்ப்பட்ட அறிவாளிகள்! அந்த வியாதி காசு வாங்குகிற பெண்களிடம்தான் வரும், நமக்குள் என்ன வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தோமே!

பயப்படாதே. பென்சிலின் ஊசி போட்டால் போய்விடும். எனக்குப் போட்டாயிற்று. உட்காரத்தான் முடியவில்லை. உனக்குப் பிப்ரவரியில் கல்யாணம் என்று ஊரிலிருந்து வந்தவன் சொன்னான். அதற்கு முன் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடு.

வேலப்பன்

*

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
17-1-1972

வேலப்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிடைக்காமலே போயிருக்கலாம். நேற்றுத்தான் பூசையில் எங்கள் முதல் ஓலை வாசித்தார்கள். அம்மா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் தபால்காரன் உன் வியாதியைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறான்.

எனக்கு ஒன்றுமில்லை. கிரேன் மேல் ஏறுகிறேன், இறங்குகிறேன், குதிரை மாதிரி இருக்கிறேன். உன் உள்நோக்கம் எனக்குப் புரியாதா? அக்டோபரில் டிபன் பாக்ஸை எறிந்தாய், இப்போது இதை எறிகிறாய். நான் கட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதானே? அங்கே போய் மூணு மாசத்தில் உனக்கு ஒரு வரலட்சுமி கிடைத்துவிட்டாள். அவளுக்கு மட்டும் சாப்பாட்டுக் கடை இருக்கலாம், எனக்கு மட்டும் ஒரு ஃப்ளோரா இருக்கக் கூடாதா?

எங்கள் கோவில் வழக்கம் உனக்குத் தெரியாது, தெரிந்துகொள். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் எங்கள் பெயரைப் படிப்பார். அதுதான் ஓலை. கடைசியில், "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்" என்று சொல்வார். இன்னும் இரண்டு ஓலை பாக்கி. உனக்குத் தடை சொல்ல வேண்டுமென்றால் ஆம்பளையாக ராயபுரம் வா. அத்தனை ஜனத்துக்கு நடுவில் எழுந்து நின்று சொல். தபாலில் சொல்லாதே.

பிப்ரவரி ஒன்பது, புதன்கிழமை, எனக்குக் கல்யாணம். உனக்குப் பத்திரிகை கிடையாது.

லியோனார்டு

*

விசாகப்பட்டினம்
21-1-1972

மாமு,

திட்டுகிற கடிதத்துக்கும் மேலே சேசு மரி சூசை போட்டிருக்கிறாயே, அவர்கள் மூன்று பேரும் படித்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள்.

தடை சொல்ல எனக்கு ஆசை இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? அக்டோபரில் கேட்டிருந்தால் உன் கிரேன் உச்சியில் ஏறி நின்று துறைமுகம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லியிருப்பேன். நீ எனக்கு அவ்வளவு வேண்டியவன். ஆனால் இது அது இல்லை, நம்பித் தொலை.

குதிரை மாதிரி இருக்கிறேன் என்கிறாய். நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த வியாதி உள்ளே போய்ச் சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளுமாம். வருஷக்கணக்கில் படுத்திருந்து பிறகு கண்ணைப் பிடுங்கும், மூளையைப் பிடுங்கும். அது உன் பாடு, போகட்டும். நீ இப்படியே போய்த் தாலி கட்டினால் ஃப்ளோராவுக்கு வரும். அவளுக்கு ஒரு குழந்தை தரித்தால் அதற்கும் வயிற்றிலேயே வரும் என்று ஞானசெல்வியம்மா சொன்னாள். சில குழந்தை உயிரோடு பிறப்பதே இல்லையாம். இதைக் கேட்ட பிறகும் நான் பேசாமல் இருந்தால் என்னை நீ எதில் சேர்ப்பாய்?

ஒன்று சொல்கிறேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டாலும் நான் உன் சாமியாருக்கு எழுத மாட்டேன், ஃப்ளோராவுக்கும் எழுத மாட்டேன். நம் விஷயம் என் வாயிலிருந்து எவனுக்கும் போகாது. அதனால் இது மிரட்டல் இல்லை மாமு, கெஞ்சுகிறேன்.

வரலட்சுமியிடம் நான் சொன்னபோது அவள் சாம்பார்க் கரண்டியோடு என்னைத் தெருக்கோடி வரை துரத்தினாள். அதே கரண்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். அவளுக்கும் இருந்தது, அவளுக்கும் ஊசி போட்டார்கள். இப்போது எனக்குச் சோறு போடுகிறாள். குழம்புதான் ஊற்ற மாட்டேன் என்கிறாள்.

வேலப்பன்

*

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
31-1-1972

வேலப்பா,

இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். உன் "வயிற்றிலேயே வரும்" என்ற வரி என்னைத் தூங்க விடவில்லை. மேக வியாதிப் பிரிவு என்று போர்டில் இத்தனை பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான், படுபாவி. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். யார் என்று பார்க்கிறாய்? எங்கள் கோவிலில் ஆர்கன் வாசிக்கிற ஹென்றி! "பல்லு வலி லியோ" என்றார். "எனக்கும் பல்லு வலிதான் அண்ணே" என்றேன். இரண்டு பேருமே பேன்ட்டைத் தளர்த்திக்கொண்டு ஊசிக்கு நின்ற பிறகு பல்லைப் பற்றிப் பேச்சே இல்லை.

டாக்டர், "எந்தப் பொம்பள?" என்று கேட்டார். உன்னை நினைத்துக்கொண்டேன். நீ அங்கே சொன்னாயே, நான் இங்கே சொல்லாமல் போனால் அசிங்கம். "பொம்பள இல்ல சார்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "அந்தாளுக்கு ஊசி போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டார். மேலும் ஊசி இருக்கிறது, அப்புறம் மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்துவிட்டுத்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டாம் ஓலை வாசித்தாகிவிட்டது. நேற்று மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டிய நாள். விடிந்தும் விடியாமலும் சாமியாரிடம் ஓடி, "வாசிக்காதீங்க சாமி, எனக்கு உடம்பு சரியில்ல" என்றேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சரி என்றார். அந்த அவசரத்தில் ஒரு மடத்தனம் செய்துவிட்டேன். ஃப்ளோராவிடம் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேனா, பயந்தேனா, மாதாவுக்குத்தான் தெரியும். அவள் புதுச் சேலை கட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வேறு ஜோடிகளின் பெயரையெல்லாம் படித்தார். எங்கள் பெயர் வரவில்லை. கோவிலே திரும்பி அவளைப் பார்த்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

இன்று சாயங்காலம் காசிமேட்டுக் கரைக்கு வரச் சொல்லியிருக்கிறாள். நான் என்ன சொல்ல? மஞ்சள் காமாலை என்று சொல்லிவிடட்டுமா? உன் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், தெரிந்தும் கேட்கிறேன். கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

உன்னைத் திட்டியதெல்லாம் தண்ணீரில் போகட்டும்.

லியோ

*

விசாகப்பட்டினம்
3-2-1972

லியோ,

மஞ்சள் காமாலை என்று சொல்லித் தொலைத்திருந்தால் உடனே மறுபடி போய் உண்மையைச் சொல். காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தே உன்னைக் கொன்றுவிடுவார்கள்.

அவள் அடித்தால் வாங்கிக்கொள். என் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லிவிடு. எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மிச்ச ஊசியை விடாதே. ஒன்று போட்டதும் சரியாகிவிட்டது என்று நின்றுவிடுகிறார்களாம், முட்டாள்கள்.

வேலப்பன்

*

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
10-2-1972

வேலப்பா,

நேற்று என் கல்யாண நாள். கிரேனில் உட்கார்ந்து உர மூட்டை இறக்கினேன். உட்கார்ந்து என்றா எழுதினேன்? நின்றுகொண்டு.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கட்டுமரங்களுக்கு நடுவில் அவள் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். "இன்னா லியோ, எம் பேர படிக்கிறதுக்கு ஃபாதருக்கு கண்ணாடி இல்லியா?" என்றாள். காமாலை நாக்கு நுனி வரை வந்தது, முழுங்கிவிட்டு வியாதியின் பேரைச் சொன்னேன்.

"யாரு அவ?"

"அவ இல்ல ஃப்ளோரா. அவன்."

அவன் பெயரைக் கேட்டாள், சொன்னேன். "அந்த டிபன் பாக்ஸ தூக்கிப் போட்டவனா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப என்ன இன்னாத்துக்கு கேட்ட? ஊருக்கு காட்டவா?" என்றாள். "இல்ல. உம் மேல ஆசப்பட்டுத்தான் கேட்டேன். அவன் மேல வெச்சதும் ஆசதான். ரெண்டுல ஒண்ணும் பொய் கிடையாது" என்றேன். எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். "ஒரு நெஞ்சுல எத்தினி குடித்தனம்டா வெப்ப, கொருக்குப்பேட்டை லைன் வூடு மாதிரி?" என்று கத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஒரு வாரம் பேச்சில்லை. தெருவில் எல்லோரும், "மூணாவது ஓலை இன்னா ஆச்சி?" என்று கேட்கிறார்கள். உடம்பு சரியில்லை, தவக்காலம் வேறு வருகிறது, தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஈஸ்டருக்கு அப்புறம்தான் என்று அம்மா சமாளிக்கிறாள். அவளுக்கும் காரணம் தெரியாது.

முந்தாநாள் ஃப்ளோரா வந்தாள். நன்றாக அழுதிருக்கிறாள், முகம் வீங்கியிருந்தது. "ஒரே ஒரு கேள்வி கேக்கணும். உங்கிட்ட இல்ல, அந்தாள்கிட்ட. எனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு எழுதினானா, நம்ம கல்யாணம் நிக்கணும்னு எழுதினானா? நெசத்த எழுதச் சொல்லு. அதப் படிச்சிட்டுத்தான் நான் உனக்கு பதில் சொல்லுவேன்" என்றாள்.

என் வாழ்க்கை உன் பேனாவில் இருக்கிறது. அழகாக எழுத வேண்டும் என்று பார்க்காதே. அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

லியோ

*

விசாகப்பட்டினம்
16-2-1972

லியோ, இதை அப்படியே ஃப்ளோராவிடம் கொடு.

தங்கச்சி ஃப்ளோராவுக்கு,

நிஜத்தைக் கேட்டதால் எழுதுகிறேன். ரத்தத்தில் வியாதி என்று தெரிந்த அன்றைக்கே நான் லியோவுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பேப்பரை எடுத்துவைத்தால் உள்ளே ஒருத்தன், "எழுதுடா, கல்யாணம் நிக்கும்" என்று குதித்தான். அவன் குதிப்பது அடங்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். அடங்கவே இல்லை. நாளோ போய்க்கொண்டிருந்தது. சரி, அவன் குதித்தால் குதிக்கட்டும், இதில் ஃப்ளோரா என்ற பெண் என்ன தப்புச் செய்தாள் என்று நினைத்துத்தான் எழுதினேன். நான் உன்னைப் பார்த்ததுகூட இல்லை. உன் மேல் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. அதற்காக என் நோய் உன் உடம்புக்கு வரலாமா?

உன் கேள்விக்கு என் பதில், இரண்டும்தான். ஆனால் உனக்காக இல்லையென்றால் எழுதியிருக்க மாட்டேன்.

லியோ உன் மேல் ஆசை வைத்திருப்பது பொய்யில்லை. உன்னைப் பற்றி அவன் பேசியதைக் கேட்டதால்தான் அந்த டிபன் பாக்ஸ் கடலுக்குப் போனது.

வேலப்பன்

லியோ, தனியாக ஒரு பார்சல் அனுப்புகிறேன். மேலே இந்தப் பக்கத்தில் பேர்போன மாடுகுல அல்வா, அடியில் குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் கொடுக்கிற நிரோத் உறை. ரத்தம் முழுக்கச் சுத்தம் என்று தெரிகிற வரைக்கும், அதற்கு அப்புறமும், ஆணோ பெண்ணோ, அது இல்லாமல் யாரிடமும் போகாதே என்று ஞானசெல்வியம்மா சொல்லியிருக்கிறாள். நானும் அப்படித்தான் இருக்கிறேன். உங்கள் சாமியாரிடம் கேட்காதே.

*

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
20-3-1972

என் தோஸ்து வேலப்பனுக்கு,

முதலில் பார்சல். நான் வேலைக்குப் போயிருந்தபோது வந்திருக்கிறது. அம்மா பிரித்துவிட்டாள்! அல்வாவைத் தெருவுக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள். அடியில் இருந்ததை என்னவென்று தெரியாமல் அக்கா புருஷன் ஜார்ஜிடம் காட்டியிருக்கிறாள். அவர் மீன் பிடிக்கப் போகிறவர். கண்ணெல்லாம் மலர, "இத்தான் நாங்க தேடிக்கினு கீறோம்!" என்று அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விட்டார். கடலில் தீப்பெட்டியும் பீடியும் நனையாமல் இருக்க அதற்குள் போட்டு முடிச்சுப் போடுகிறார்களாம். இப்போது காசிமேட்டில் பாதிக் கட்டுமரத்தில் உன் நிரோத்துதான் தொங்குகிறது. "உன் தோஸ்துக்கு எழுது, அடுத்த தபா நெறிய அனுப்பச் சொல்லு. தண்ணி ஒரு சொட்டு உள்ள போவல, சோக்கா கீது" என்கிறார். அதற்கு வேறு உபயோகம் இருக்கிறது என்று இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு ஏழு பிள்ளைகள்.

ஃப்ளோராவிடம் இதைச் சொன்னேன். அவள் தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி அடுக்குகிறவள். "எங்க கம்பெனி குச்சி நனையாம காப்பாத்துறான், நல்ல மனுசன்தான்" என்று சிரித்தாள். ஆமாம் வேலப்பா, சிரித்தாள்! உன் கடிதத்தை அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து படித்தாள். "உன் மேல் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். "இந்தாளு பொய் சொல்ல மாட்டான்" என்றாள். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். எனக்குத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

நான்கைந்து நாள் யோசித்துவிட்டு வந்து, கட்டிக்கொள்கிறேன் என்றாள். ஆனால் சும்மா இல்லை. ரத்தம் மறுபடி பார்க்கும்போது அவளும் கூடவே வருவாளாம், பேப்பரை டாக்டர் அவள் கையில் கொடுக்க வேண்டுமாம். இனிமேல் என் நெஞ்சில் யார் வந்தாலும் போனாலும் அவளுக்குத் தெரியாமல் வரக் கூடாதாம். "ஒளிச்சி வெச்சா மட்டும் கொன்னுடுவேன்" என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன். வேலப்பா, எனக்கு இப்போது உடம்பே லேசாக இருக்கிறது. ஒருத்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவள் நம் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பதைப் பார்த்திருக்கிறாயா? நான் பார்த்தேன்.

கடைசி நிபந்தனை உனக்கு. ஈஸ்டருக்குப் பிறகு, ஏப்ரல் இருபத்து மூன்று, ஞாயிற்றுக்கிழமை, பாக்கியிருக்கிற மூன்றாம் ஓலை. புதன்கிழமை கல்யாணம். "அந்த டிபன் பாக்ஸ்காரன் ஓலைக்கே வரணும். வரும்போது டிபன் பாக்ஸ் ஒண்ணு வாங்கியாரணும்" என்கிறாள்.

லியோ

*

விசாகப்பட்டினம்
6-4-1972

மாமு,

வருகிறேன். லீவு போட்டாயிற்று. போன வாரம் என் ரத்தம் பார்த்தார்கள், அளவு நன்றாக இறங்கிவிட்டது. ஞானசெல்வியம்மா கை குலுக்கினாள். வரலட்சுமிக்கும் அப்படியே. அவள் எனக்குக் குழம்பு ஊற்ற ஆரம்பித்துவிட்டாள், அதற்கு மேல் நான் என்ன கேட்கப்போகிறேன்!

உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். தோஸ்தாகத்தான் வருகிறேன். ஆசை போய்விட்டது என்று சொன்னால் பொய். அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். இதையும் ஃப்ளோராவிடம் காட்டு, அவள்தான் ஒளிக்கக் கூடாது என்றாளே.

எனக்குக் கோவிலில் எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும், எப்போது முட்டிபோட வேண்டும் என்று ஒன்றும் தெரியாது. மானத்தை வாங்கிவிடப்போகிறேன். யாரைப் பார்த்துச் செய்வது?

வேலப்பன்

*

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
8-5-1972

வேலப்பா,

நீ ரயிலேறிப் போன பிறகும் தெருவில் உன் பேச்சுத்தான். என் கல்யாணத்தைப் பற்றி ஒருத்தனும் பேசவில்லை.

அம்மா பக்கத்தில் உட்கார், அவள் எழுந்தால் எழு, உட்கார்ந்தால் உட்கார் என்று எத்தனை தடவை சொன்னேன்! பூசை முழுக்க ஒழுங்காகத்தான் செய்தாய். அம்மா முட்டி போட்டால் போட்டாய், அவள் சிலுவை போட்டுக்கொண்டபோது நீயும் ஏதோ கொசு ஓட்டினாய். அப்புறம் சாமியார் எங்கள் ஓலையை எடுத்தார். அவர் "தடை ஏதும் அறிந்தவர்கள்" என்று நிறுத்தியதும் நீ எழுந்தாயே! கோவில் முழுக்க உட்கார்ந்திருக்கிறது, நீ ஒருத்தன் மட்டும் நிற்கிறாய், கையில் புது டிபன் பாக்ஸோடு. மாதாவே, என் உயிர் போய்த் திரும்பி வந்தது. ஃப்ளோரா என்னைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தாள். ஆர்கனில் ஹென்றியண்ணன் கை தவறி ஏதோ கட்டையை அழுத்திவிட்டார், அது வேறு "பாம்" என்று ஊளையிட்டது.

"இன்னாப்பா?" என்றார் சாமியார்.

"ஒண்ணும் இல்ல சாமி. தடை ஒண்ணும் கிடையாது" என்றாய், கணீரென்று. உட்கார்ந்துவிட்டாய்.

சிரித்தது பார், கோவில்! சாமியாரே ஓலையால் வாயை மறைத்துக்கொண்டார். "பாவம் வேத்து மதத்துப் புள்ள, கேள்வி கேட்டாங்கன்னு பதில் சொல்லிட்டான்" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

உனக்கு இன்னொரு சந்தோஷம். ஓலைக்கு மறுநாள், அதாவது கல்யாணத்துக்கு முந்தின திங்கட்கிழமை, ஃப்ளோராவும் நானும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோமே, அப்போது டாக்டர் பேப்பரை அவள் கையில் கொடுத்ததை உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். புரிந்ததோ இல்லையோ, "நல்லாகீதா சார்?" என்று கேட்டாள். "நல்லாகீது, ஆனாலும் வருஷம் முழுக்க அப்பப்ப வந்து பாக்கணும்" என்று டாக்டரே அவள் பாஷையில் சொன்னார். வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலிலேயே எனக்குக் கன்னத்தில் ஒன்று கொடுத்தாள். அடியா, முத்தமா என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

இப்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதச் சொல்கிறாள்: "அண்ணா, டிபன் பாக்ஸ் நல்லா கீது. ஆனா மூடி ஒழுங்கா சேரல. இவரு தெனம் சாம்பாரு ஊத்திக்கினு போயி கிரேன நாறடிக்கிறாரு. வரலட்சுமி அக்காவ கூட்டிக்கினு வா. ஜார்ஜ் மாமாவுக்கு அந்தப் பார்சல் மறந்துடாத. ஒரு பாக்கெட்டு தனியா எங்களுக்கு."

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். நீ தெரியாமல் எழுந்தாயா, தெரிந்தே எழுந்தாயா?

லியோ

*

விசாகப்பட்டினம்
14-5-1972

லியோவுக்கும் தங்கச்சிக்கும்,

பார்சலை நாளை அனுப்புகிறேன். ஜார்ஜ் மாமாவுக்குத் தனிக் கட்டு, அதில் ஞானசெல்வியம்மா எது எதற்கு என்று படம் போட்ட ஒரு தாள் வைத்திருக்கிறாள். அக்காவிடம் கொடுங்கள், அவருக்குப் படித்துக் காட்டட்டும். மூடிக்குப் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போடு, சேரும்.

வரலட்சுமி தீபாவளிக்கு வருகிறாளாம். கரண்டியோடுதான் வருவாள், எச்சரித்துவிட்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஜனவரியில் நீ என்னைத் திட்டி எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் தபாலில் சொல்லாதே, ஆம்பளையாக ராயபுரம் வா, அத்தனை ஜனத்துக்கு நடுவில் எழுந்து நின்று சொல் என்று எழுதியிருந்தாய்.

எனக்குச் சொல்ல இருந்தது, மாமு. வந்தேன், எழுந்து நின்று சொன்னேன்.

உன் வேலப்பன்